வில்லன் குகையின் கடைசி ஞாயிறு

காலை ஆறே முக்கால். கூத்தாநல்லூரில் மன்னார்குடி டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் முதல் பன்னிரண்டு கிலோமீட்டருக்குச் செலவு ஒன்றுமில்லை. ஜன்னலோரமும் கிடைத்தது. எல்லாம் இப்படிச் சுலபமாக அமைந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். போகிற இடத்தில் ஏதோ இருக்கிறது என்று தோன்றும். தம்பி ஜாகிர் இதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கேலி செய்வான். அவன் தோஹாவில் ஏசி மெக்கானிக்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மன்னார்குடிக்குக் கீரை கொண்டுபோகிறவர். எங்கே போகிறாய் என்று கேட்டார். தஞ்சாவூர் தாண்டி, ஒரத்தநாடு ரோட்டில் ஒரு பார்க் இருக்கிறது, அங்கே என்றேன். பிள்ளைகள் யாராவது கூட வருகிறார்களா என்று என் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. நாற்பதைத் தொடப்போகிற பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை காலையில் தன்னந்தனியாக ராட்டினம் சுற்றப் போவதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ தெரியாது. கீரைக்கட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

ராட்டினத்துக்காக நான் போகவில்லை. அந்தப் பார்க்கில் ஒரு படகுக் குகை இருக்கிறது. போர்டில் ‘திரையுலகக் குகை’ என்று எழுதியிருந்தாலும் ஜனங்கள் வாயில் அது வில்லன் குகைதான். தொண்ணூறுகளின் நடுவில், சிங்கப்பூரில் சம்பாதித்துத் திரும்பிய ஒருவர் கட்டியது. ஒரு படகுக்கு ஆறு பேர். இருட்டுக்குள் நுழைந்தால் சினிமாவில் நாம் பார்த்ததெல்லாம் இரண்டு பக்கமும் வரும். புற்றிலிருந்து தலைதூக்கும் பாம்பு, மழையில் நனையும் ஜோடி, ரயில் கூரைமேல் சண்டை, வெள்ளைப் புடவையில் விளக்கேந்திப் போகிற பேய். கடைசி வளைவில் வில்லனின் இடம். பத்தடி உயரத்தில் முறுக்கு மீசையோடு வில்லன் உட்கார்ந்திருப்பான். கண்ணில் சிவப்பு பல்பு எரியும். “இந்தக் குகைக்குள்ள வந்தவன் எவனும் திரும்பிப் போனதில்ல” என்று சொல்லிவிட்டு, சுவர் அதிரச் சிரிப்பான். பிள்ளைகள் அலறும். அப்புறம் வெளிச்சம், வெயில், பாப்கார்ன் கடை.

அந்த வில்லனின் குரல் என் அத்தாவின் குரல்.

அத்தா எலெக்ட்ரீசியன். குகை முழுவதற்கும் ஒயரிங் செய்தவர். வில்லனுக்குப் பேச ஏற்பாடு செய்திருந்த நாடக நடிகர் கடைசி நேரத்தில் வரவில்லை. மறுநாள் திறப்பு விழா. முதலாளி கையைப் பிசைந்துகொண்டு நிற்கையில், ஏணியில் இருந்த அத்தா இறங்கி வந்து நானே பேசுகிறேன் என்றாராம். ஸ்க்ரூ டிரைவரைக்கூடக் கையிலிருந்து வைக்காமல் பேசினார் என்று அம்மா சொல்லுவார். அடுத்த வருடம் விசா கிடைத்து ரியாத் போனார். எனக்கு அப்போது எட்டு வயது, ஜாகிர் அம்மாவின் வயிற்றில். இரண்டு வருடம் முடிந்து முதல் லீவுக்கு வர நாற்பது நாள் இருக்கும்போது, அங்கேயே நெஞ்சுவலியில் மவுத்தாகிவிட்டார். அடக்கமும் அங்கேயே. ஜாகிர் அத்தாவைப் பார்த்ததில்லை. குரலைக் கேட்ட நினைவும் இல்லை.

மணி ஏழரை, மன்னார்குடி பஸ் நிலையம். ஒரு டீ பதினைந்து ரூபாய், சூட்டுக்கு மட்டும் குறையில்லை. தஞ்சாவூருக்கு முப்பத்திரண்டு ரூபாய் டிக்கெட், முப்பத்தெட்டு கிலோமீட்டர். மாசி மாதம். சம்பா அறுத்து முடிந்திருந்தது. அறுவடை இயந்திரங்கள் போன தடம் வயலெங்கும் கிடந்தது. உருட்டிக் கட்டிய வைக்கோல் கட்டுகள், கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய் போர்த்திய நெல் மூட்டைகள், அவற்றின் மேல் காவலுக்குப் படுத்திருந்த ஓர் ஆள். அணையை மூடிவிட்டதால் வாய்க்கால்களில் தண்ணீர் இல்லை. வடுவூர் ஏரியில் மட்டும் கொஞ்சம் மினுக்கம், அதில் பறவைகள். எதிரில் இருந்தவர் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டே வந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்புறம், நானும் அதே வேலைக்குத்தானே போகிறேன் என்று நினைத்து அடங்கினேன்.

எங்கள் ஊரில் அன்றைக்கு வெளிநாட்டில் இருப்பவர்கள் கடிதத்தோடு கேசட்டும் அனுப்புவார்கள். லீவில் வரும் யாராவது சென்ட் பாட்டிலுக்கும் சேலைக்கும் நடுவில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து இரண்டு நாள் திரும்பத் திரும்பக் கேட்போம். மூன்றாம் நாள் அதே கேசட்டில் எங்கள் பதிலைப் பேசி, அடுத்துப் புறப்படுகிறவர் கையில் கொடுத்தனுப்புவோம். வேறு கேசட் வாங்க வக்கில்லாமல் இல்லை. வழக்கம் அப்படி. பதில் கார்டு சேர்ந்தே வருகிற தபால் கார்டு மாதிரி, வந்த கேசட்டிலேயே பதில் போக வேண்டும். நாங்கள் பேசப் பேச அவர் பேசியது அழிந்துகொண்டே போகிறது என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. அந்தத் தெருவில் யாருக்கும் உறைக்கவில்லை. ஆள்தான் வரப்போகிறாரே, குரல் எதற்கு?

அத்தாவின் பெட்டி ஊருக்கு வந்தபோது அதற்குள் ஒரே ஒரு கேசட் இருந்தது. அம்மா அதைப் போட்டார். அதில் நான்தான் பேசினேன். பிங்க் கலர் வாட்ச் வேண்டும், மறந்துவிடாதீர்கள் என்று. பிறகு ஜாகிரின் அழுகை. பிறகு அம்மா, அரிசி விலையும் அக்கம்பக்கத்துக் கல்யாணமும். திருப்பிப் போட்டோம், மறுபக்கமும் நாங்களே. கடைசியாக நாங்கள் அனுப்பிய பதில் அது. அதன்மேல் பேச அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

அம்மா போய் மூன்று வருடமாகிறது. அப்போது லீவில் வந்திருந்த ஜாகிர் பீரோவைக் குடைந்து அந்தக் கேசட்டை எடுத்தான். முழுவதும் கேட்டுவிட்டு, அத்தாவின் குரல் எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டான். நினைவில் தேடினேன். முகம் இருக்கிறது, சட்டையில் வீசிய வாசனைகூட இருக்கிறது. குரல் போய்விட்டது. என் அத்தாவின் குரல் எனக்கே மறந்துவிட்டது என்பதை அவனிடம் சொல்ல வெட்கப்பட்டு, நல்ல கனமான குரல் என்று மழுப்பினேன்.

குகைதான் இருக்கிறதே, எப்போது வேண்டுமானாலும் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அத்தா இறந்தபின் ஒரே ஒருமுறை, ஆறாம் வகுப்பில் பள்ளிச் சுற்றுலாவில் போனேன். படகில் ஓவென்று அழுதேன். பொம்மைக்கா இப்படிப் பயப்படுகிறாய் என்று டீச்சர் தலையில் குட்டினார். அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. சென்ற வாரம் பார்க்கின் அறிவிப்பு போனுக்கு வந்தது. பழைய குகையை எடுத்துவிட்டு, கண்ணில் கருப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற புதுக் காட்சி வருகிறதாம். கோடை விடுமுறைக்குள் தயாராக வேண்டும். குகைக்கு ஞாயிறுதான் கடைசி நாள். அதைப் பார்த்த ஜாகிர் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினான்: “அக்கா, போயி அத்தா குரலப் புடிச்சு அனுப்புக்கா. ஒரு தடவயாச்சும் நான் கேக்கணும்.”

எட்டு ஐம்பதுக்குத் தஞ்சாவூர். ஒரத்தநாடு பஸ்ஸில் பதினான்கு ரூபாய் கொடுத்து, பதினாலாவது கிலோமீட்டருக்கு டிக்கெட் வாங்கினேன். புது ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது கீழே வெறும் மணல். பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். அவரும் குகைக்குத்தான் வந்தார். பதினைந்து வருடம் மலேசியாவில் இருந்தவராம். ஒவ்வொரு முறை விமானம் ஏறுவதற்கு முந்தின நாளும் பிள்ளைகளை அந்தப் படகில் ஏற்றிவிட்டுத்தான் போவாராம். இப்போது பிள்ளைகள் இரண்டு பேரும் கனடாவில். அதனால் இவர் மட்டும் வந்தார்.

அவர் சொல்லித்தான் ஒரு சங்கதி எனக்கு நினைவுக்கு வந்தது. படகில் ஏறும் இடத்தில் எப்போதும் செருப்பு குவிந்து கிடக்கும். கழற்றச் சொல்லி யாரும் சொன்னதில்லை. பொம்மைகளைச் செய்தவர் கோயில் கோபுரங்களுக்குச் சுதை வேலை பார்த்த ஸ்தபதி. வில்லன் வேண்டும் என்று முதலாளி கேட்டதற்கு, உருட்டு விழியும் முறுக்கு மீசையுமாகத் தன் கைக்குப் பழகிய எல்லைச் சாமியையே செய்து, கோட்டு மாட்டிவிட்டார். சனங்கள் பார்த்தார்கள், செருப்பைக் கழற்றினார்கள். சிலர் படகிலிருந்தே காசும் போடுவார்களாம். தானும் போட்டதுண்டு என்று வெள்ளைச் சட்டைக்காரர் சிரிக்காமல் சொன்னார். மலேசியாவில் விசா நீட்டிப்புக் கிடைத்ததே அப்படித்தானாம்.

ஒன்பதே முக்காலுக்குப் பார்க் வாசல். நுழைவுக் கட்டணம் இருநூற்றைம்பது. டிக்கெட் கொடுக்கும் பெண் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தபிறகு, குகை கிடையாதுங்க என்றாள். நேற்றே தண்ணீரை இறைத்துவிட்டார்களாம். ஒப்பந்தக்காரர் சொன்ன நாளுக்கு முன்னதாகவே ஆள் கொண்டுவந்துவிட்டாராம். எனக்கு வந்த கோபத்துக்கு அவளைக் குதறியிருப்பேன். பாவம், அவள் கையில் என்ன இருக்கிறது? வெள்ளைச் சட்டைக்காரர் ரோட்டைக் கடந்து, தஞ்சாவூர் பஸ்ஸுக்குக் கை காட்டினார்.

நான் உள்ளே போனேன். தண்ணீர்ச் சறுக்கில் இளவட்டங்கள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். குகை வாசலில் படகுகளைக் கவிழ்த்து அடுக்கியிருந்தார்கள். அவற்றின்மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தவர் செல்வராசு. திறப்பு விழா நாளிலிருந்து குகையை ஓட்டியவர் அவர்தான் என்று டிக்கெட் பெண் சொல்லியிருந்தாள். அறுபது வயது இருக்கும். நான் இன்னார் மகள் என்றேன். பீடியைக் காலடியில் போட்டு அணைத்துவிட்டு எழுந்து நின்றார்.

“ஒயர்மேன் பாய் மகளா? உள்ள வாங்கம்மா. தண்ணி இல்லாட்டி என்ன, நடந்தே போவோம்.”

படகு போகும் பாதையில் இறங்கி நடந்தோம். கணுக்கால் அளவு சேறு, பாசி நாற்றம். டார்ச் வெளிச்சத்தில் எல்லாம் சின்னதாகத் தெரிந்தது. மழை ஜோடியை ஏற்கெனவே உடைத்திருந்தார்கள், கம்பியும் கோணிச்சாக்கும் பிதுங்கிக் கிடந்தன. ரயிலுக்கு ஒரு பக்கம்தான் இருந்தது, மறுபக்கம் வெறும் பலகை. பேயின் முதுகுக்கு வர்ணமே அடிக்கவில்லை. படகிலிருந்து பார்க்கிறவர்களுக்கு முதுகு எதற்கு என்று விட்டிருப்பார்கள். சுவர் நெடுக ஒயர் மட்டும் அன்றைக்கு அடித்த கிளிப்பில் நேர்க்கோடாக ஓடியது. ஓரிடத்தில்கூடத் தொங்கவில்லை. அதைத் தொட்டுக்கொண்டே நடந்தேன்.

கடைசி வளைவில் வில்லன் முழுசாக இருந்தான். மடியில் ஓர் எலுமிச்சம்பழமும் செவ்வந்திப் பூவும். உடைக்க வந்தவர்கள் இவன்மேல் மட்டும் கை வைக்க மறுத்துவிட்டார்களாம். திங்கட்கிழமை காலையில் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் கடப்பாரையை எடுப்பார்களாம். ஐந்து வேளை தொழுத மனிதரின் குரலுக்கு எலுமிச்சம்பழம். அத்தா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். சிரிப்பார் என்று தெரிகிறது, அந்தச் சிரிப்புச் சத்தம்தான் நினைவில் இல்லை.

வில்லனுக்குப் பின்னால், ஓர் ஆள் நிற்கும் அளவுக்குச் செல்வராசுவின் கூண்டு. வில்லன் குரல் இருந்த பென் டிரைவைச் செருகினார். போனைத் தூக்கிப் பிடித்தேன். “இந்தக் குகைக்குள்ள வந்தவன் எவனும் திரும்பிப் போனதில்ல.” அப்புறம் சிரிப்பு. காலியான குகைக்குள் அது மோதி மோதித் திரும்பியது. கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் அத்தாவைத் தேடினேன். இல்லை. எந்தக் கோயில் திருவிழா நாடகத்திலும் கேட்கக்கூடிய வில்லன்தான் இருந்தான். அவ்வளவு தூரம் வந்து எனக்கு அழுகைகூட வரவில்லை. பதிவானதை ஜாகிருக்கு அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது. பின்னால் ஏதோ இயந்திர இரைச்சல், வேலை இடத்தில் இருந்தான் போலிருக்கிறது. “இது வில்லன்தானேக்கா. அத்தா நம்மகிட்டல்லாம் எப்படிப் பேசுவாங்க?”

செல்வராசுவும் அதைக் கேட்டார். பிறகு குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். உள்ளே பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு கேசட். இதுதான் ஒரிஜினல் என்றார். ரியாத் போவதற்கு முன்னால் அத்தா அவரிடம் கொடுத்து, இதை ஓட்டாதே, இதிலிருந்து பிரதி எடுத்து ஓட்டு என்று சொல்லியிருக்கிறார். கேசட்டின் முதுகைப் பார்த்தேன். ஓரத்தில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்களும் உடைக்கப்பட்டிருந்தன. அவற்றை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் வேறு எதையும் பதிய முடியாது. அத்தாவுக்கு அது தெரிந்திருக்கிறது. எங்களுக்கு அனுப்பிய கேசட்டுகளில் மட்டும் அவர் அவற்றை உடைக்கவில்லை. நாங்கள் பேசுவதைக் கேட்க வேண்டுமே, அதற்காக உடைக்கவில்லை.

“சிரிப்பு முடிஞ்சதும் நான் பட்டுனு நிறுத்திப்புடுவேன்” என்றார் செல்வராசு. “அதுக்கப்புறமும் பாய் கொஞ்சம் பேசியிருக்காரும்மா. பென் டிரைவுல மாத்தறப்ப அத வெட்டிட்டாங்க.”

கூண்டின் மூலையில் ஒரு பழைய டேப் ரெக்கார்டர் இருந்தது. பெல்ட் தளர்ந்திருந்ததால் விரலால் ஒருமுறை சுற்றிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். நான் மறுபடியும் போனில் பதிவைத் தொடங்கினேன். இரைச்சல். வில்லன் பேசினான், சிரித்தான். செல்வராசுவின் விரல் பழக்க தோஷத்தில் நிறுத்தும் பொத்தானுக்குப் போய், அங்கேயே நின்றது. சிரிப்பு ஓய்ந்தது. யாரோ இருமினார்கள். ஏணி நகரும் சத்தம். பிறகு, கொஞ்சம் மெல்லிய, கொஞ்சம் வெட்கப்பட்ட, மூச்சு வாங்குகிற குரல்:

“போதுமா? இன்னொரு தடவ சொல்லணுமா?”

அவ்வளவுதான். அதற்குப்பின் டேப் வெறுமையாக ஓடியது. கனமான குரல் என்று ஜாகிரிடம் நான் சொன்னது பச்சைப் பொய். கனமே இல்லை. எனக்குச் சோறு போட்டுவிட்டு, போதுமா என்று கேட்ட குரல் அதுதான். அந்த நொடியில் அது முழுசாக எனக்குத் திரும்பி வந்தது. பத்தடி வில்லனின் முதுகில் சாய்ந்துகொண்டு, ஆறாம் வகுப்பில் அழுத மாதிரியே அழுதேன். செல்வராசு டார்ச்சை அணைத்துவிட்டார். எவ்வளவு நேரம் ஆயிற்றென்று தெரியாது. வெளியே வரும்போது கேசட்டை என் கையில் வைத்து, இனிமேல் இது இங்கே எதற்கு என்றார். திங்கட்கிழமையிலிருந்து அவருக்கும் அங்கே வேலை இல்லை. புது நாற்காலிகளை ஓட்ட கம்ப்யூட்டர் படித்த ஆள் வருகிறதாம். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை.

பன்னிரண்டே கால். தஞ்சாவூர் பஸ்ஸில் உட்கார்ந்ததும், அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் ஜாகிருக்கு அனுப்பினேன். அனுப்பிய அடையாளம் வந்தது. கேட்டுவிட்டான் என்ற நீல நிறம் வரவில்லை. புது ஆற்றுப் பாலம் வந்தது, தஞ்சாவூர் வந்தது. இரண்டு மணிக்கு மன்னார்குடி பஸ்ஸில் ஏறினேன். பெரிய கோயில், கால்வாய், வயல் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. எங்கள் பக்கத்தில் அறுவடைக்கு வடக்கேயிருந்து ஆள் வருகிறது, இங்கே பிறந்தவன் தோஹாவில் ஏசி மாட்டுகிறான். குகையில் வில்லன் சொன்னதற்கு நேர் எதிராக, வெளியே போனவர்கள்தான் திரும்புவதில்லை.

வடுவூர் தாண்டும்போது போன் அதிர்ந்தது. ஜாகிரின் குரல் பதிவு, நாற்பது நொடி. காதில் வைத்தேன். முதல் முப்பது நொடியும் ஏசி இரைச்சலும் மூக்கை உறிஞ்சும் சத்தமும்தான். கடைசியில் சின்னப் பிள்ளை மாதிரி பேசினான்.

“இன்னொரு தடவ சொல்லச் சொல்லுக்கா.”

பதில் பேச மைக் பொத்தான்மேல் விரலை வைத்தேன். அழுத்த முடியவில்லை. பதில் பேசிப் பேசித்தானே அந்தக் குரலைத் தொலைத்தோம்.